எச்.ஓ.டி. எப்படி இருக்க வேண்டும்? ஸ்டாஃப் ரூமில் கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் வெளிப்படையான பதில்கள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் தங்கள் எச்.ஓ.டி.யை, அதாவது துறைத்தலைவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வைத்து எழுதியது இது. பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். பிரின்சிபால் அறையிலிருந்து பார்த்தால் இதே விஷயம் வேறு மாதிரி தெரியும், அதை வேறு யாராவது எழுதட்டும்.

எச்.ஓ.டி.க்கு அப்படி என்னதான் அதிகாரம் இருக்கிறது?

விதிப்படி பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளை நியமிக்க முடியாது, சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, லேப்புக்கு நாலு ஸ்டூல் வாங்க வேண்டுமென்றாலும் கடிதம் போட்டுவிட்டு அலுவலகத்தின் பின்னால் நடக்க வேண்டும். ஆனால் யாருக்கு எந்தப் பாடம், எந்தப் பீரியட் என்பது அவர் கையில் இருக்கிறது. நீங்கள் எழுதும் எந்த விண்ணப்பமும் அவர் கையெழுத்து இல்லாமல் மேலே போகாது. எந்தக் கமிட்டியில் யார் பெயர் என்பதையும் அவர்தான் எழுதித் தருகிறார். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் சர்க்குலர் முதலில் அவர் மேசைக்கு வருகிறது, அது உங்கள் பார்வைக்கு அன்றைக்கே வருமா, கடைசித் தேதி முடிந்த பிறகு வருமா என்பதும் அவர் மனதைப் பொறுத்தது.

ஆசிரியர்கள் எச்.ஓ.டி.யை எடைபோடுவது இந்தச் சின்ன விஷயங்களை வைத்துத்தான். துறையின் தொலைநோக்கு என்று அவர் சுவரில் ஒட்டி வைத்திருப்பதை யாரும் படிப்பதில்லை, டைம் டேபிளை எல்லோரும் படிக்கிறார்கள்.

எச்.ஓ.டி. ஆவது எப்படி? தேர்தலா, சீனியாரிட்டியா?

தேர்தல் கிடையாது. அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் பெரும்பாலும் பணிமூப்புதான். அரசுக் கல்லூரியில் இன்னொரு சங்கடம் உண்டு, இடமாறுதலில் ஒரு சீனியர் வந்து சேர்ந்தால் நேற்றுவரை எச்.ஓ.டி.யாக இருந்தவர் இன்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார வேண்டியிருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 3 ஆண்டுக்கு ஒருவர் என்று சுழற்சி, வேண்டாம் என்று நினைக்கும் பேராசிரியர் மறுக்கவும் இடமுண்டு, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகம் சொல்பவர்தான் எச்.ஓ.டி., வேண்டாம் என்று நிர்வாகம் நினைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே வேறு ஆள்.

சுழற்சி முறை நல்லதா, ஒருவரே நீண்ட நாள் இருப்பது நல்லதா?

என் ஓட்டு சுழற்சிக்கு. நாளைக்கு நாமும் சாதாரண ஆசிரியராகத் திரும்பி வந்து உட்காரப் போகிறோம், இப்போது ஜூனியராக இருப்பவர் நமக்கு டைம் டேபிள் போடப் போகிறார் என்று தெரிந்தால் மனிதர் கையெழுத்துப் போடும் விதமே மாறிவிடும். பணிமூப்பில் வருபவருக்கு அந்தப் பயம் இல்லை, பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அவர்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. 3 ஆண்டில் போகப் போகிறவர் நீண்ட காலத் திட்டம் எதையும் தொடுவதில்லை. புதிய முதுகலைப் பாடப்பிரிவு தொடங்குவது, ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு நிதி கேட்பது மாதிரியான வேலைகளை ‘அடுத்த ஆள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடுவார், அடுத்த ஆளும் அதையேதான் சொல்வார்.

நல்ல எச்.ஓ.டி. என்று ஆசிரியர்கள் யாரைச் சொல்கிறார்கள்?

2007-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் துறை மட்டத்துத் தலைமையைப் பற்றி வந்த ஆய்வுகளை அதில் ஒன்றாகப் பார்த்திருந்தார்கள். எது பலன் தருகிறது என்று வந்த பட்டியலில் நியாயமாக நடத்துவது, நம்பகமாக இருப்பது, முக்கிய முடிவுகளில் கருத்துக் கேட்பது, தெளிவாகத் தகவல் சொல்வது, ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும்படி வேலைப்பளுவைச் சரிசெய்வது, வெளியில் துறைக்காகப் பேசுவது எல்லாம் இருந்தன. படித்தால் ‘இதற்கு ஆய்வு வேறா’ என்று தோன்றும். ஆனால் நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள், வார்த்தைதான் வேறு: "சார் யாருக்கும் பாரபட்சம் பார்க்கமாட்டார்", "மேடம் நமக்காகப் பிரின்சிபால்கிட்ட சண்டை போடுவாங்க".

இந்த இரண்டாவது வாசகத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் நிறைய மன்னித்துவிடுவார். எச்.ஓ.டி. கோபக்காரராக இருக்கலாம், ஞாபகமறதிக்காரராக இருக்கலாம், மீட்டிங்கில் சுற்றி வளைத்துப் பேசலாம். மேலிடத்தில் ஒரு பிரச்சினை வரும்போது "அது என் துறை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் மற்றதெல்லாம் மறந்து போகும். அதே நேரத்தில் "நான் அன்றைக்கே சொன்னேன் சார், இவங்க கேட்கலை" என்று ஒருமுறை பிரின்சிபால் முன்னால் கைகாட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

டைம் டேபிளில் அப்படி என்ன அரசியல்?

இருக்கிறது, எக்கச்சக்கமாக. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லோருக்கும் சமம். ஆனால் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்கு எடுப்பவருக்கு 16 மணி என்பது 8 மணிக்கான தயாரிப்பு. நாலு வெவ்வேறு பாடம், அதிலும் ஒன்று புதிதாகப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது என்றால் அதே 16 மணி அவருக்கு ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத்தான். லேப் நேரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது அறிவியல் துறைகளில் தனிப் பஞ்சாயத்து.

அப்புறம் பீரியட் விவகாரம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருபவருக்கு வாரம் நாலு நாள் முதல் பீரியட், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. ஒருவருக்கு 11 மணிக்கு ஒரு வகுப்பு, 3 மணிக்கு ஒரு வகுப்பு, நடுவில் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியாது. இது வேண்டுமென்றே நடந்ததா, தற்செயலா என்று யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் சந்தேகம் வருகிறது.

நல்ல எச்.ஓ.டி.க்கள் செய்வது எளிமையானது. செமஸ்டர் முடிவதற்கு முன்பே யாருக்கு எந்தப் பாடம் விருப்பம் என்று மூன்று விருப்பங்களை எழுதி வாங்குகிறார்கள். யாரும் கேட்காத பாடத்தை ஆண்டுக்கு ஒருவர் என்று சுற்றில் விடுகிறார்கள், அந்தச் சுற்றில் தன் பெயரையும் போடுகிறார்கள். டைம் டேபிளை ஒட்டுவதற்கு முன்னால் வரைவை எல்லோருக்கும் அனுப்பி இரண்டு நாள் டைம் கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன பீரியட் விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பாதிப் புகார் அங்கேயே போய்விடும்.

எச்.ஓ.டி. வகுப்பைக் குறைத்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் குறைப்பதில் தப்பில்லை. நிர்வாகப் பணியில் இருக்கும் பேராசிரியருக்கு 2 மணி நேரம் தளர்வு தரலாம் என்று யுஜிசியின் 2010 விதிமுறையிலேயே இருந்தது. டைம் டேபிளில் 14 மணி எழுதிவிட்டு அதில் பாதியைக் கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டுவதுதான் தப்பு. வகுப்புக்கே போகாத எச்.ஓ.டி., "மாணவர்களை எங்கேஜ் பண்ணுங்க" என்று மீட்டிங்கில் சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் குனிந்து டைரியில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் துறையில் மீட்டிங் என்றால் சர்க்குலர் வாசிப்பதுதான். இது சரியா?

இல்லை. வாசிப்பதற்கு வாட்ஸ்ஆப் போதும். முடிவு எடுக்க வேண்டிய விஷயம் இருந்தால் மட்டும் கூட்டுங்கள், முன்னாடியே தலைப்பைச் சொல்லுங்கள், நாலு மணிக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், முடிவை முன்னாடியே எடுத்துவிட்டு "உங்க அபிப்பிராயம் என்ன" என்று கேட்பது, கேட்காமல் விடுவதைவிட மோசம். மினிட்ஸில் எல்லோர் கையெழுத்தும் இருக்கும், பேசியது ஒருவர் மட்டும்.

நாக் வேலை முழுக்க எங்கள் தலையில்தான் விழுகிறது. எப்படிப் பிரிக்க வேண்டும்?

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் நாக் அமைப்பு 1994-லிருந்து இருக்கிறது, ஆனால் 2017-ல் மதிப்பீட்டு முறை மாறி எல்லாம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும் என்று ஆன பிறகுதான் துறைகளின் நிம்மதி போனது. எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்ட போட்டோ இல்லாமல் ஒரு செமினார் நடந்ததாகவே கணக்கில்லை. நாக்குக்கு ஆண்டுதோறும் ஏக்யூஏஆர் என்ற தர அறிக்கை, அதற்கு நடுவில் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கான விவரம், அப்புறம் ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) கேட்கும் புதிய எக்செல் ஷீட், அதே தகவல், வேறு நெடுவரிசை ஒழுங்கில்.

இந்த வேலை எப்போதும் கணினி தெரிந்த, புதிதாகச் சேர்ந்த, முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருவரிடம் போகிறது. எச்.ஓ.டி.க்கு அது வசதி, வேலை முடிந்துவிடும். அவரும் முதல் வருடம் பெருமையாகச் செய்வார். மூன்றாவது வருடம் கட்டுரை ஒன்றும் எழுதவில்லையே என்று அவரைக் கேட்பதும் அதே எச்.ஓ.டி.தான்.

இதில் விதியே ஒரு வழி காட்டுகிறது. 2018 விதிமுறையின் மதிப்பீட்டு அட்டவணையில், கற்பித்தல் தவிர்ந்த பணிகளில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்றில் ஈடுபட்டால் ‘நன்று’, ஒன்றிரண்டு என்றால் ‘திருப்தி’. ஆக, ஆறு கமிட்டியில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, ஒன்றிலும் இல்லாதவருக்குப் பதவி உயர்வில் இடிக்கும். ஆளுக்கு மூன்று என்று பங்கு வைத்தாலே இரண்டு பேருக்கும் நல்லது. இந்தக் கணக்கைச் சொல்லிப் பங்கு வைக்கும் எச்.ஓ.டி.யிடம் யாரும் "எனக்கு ஏன்" என்று கேட்பதில்லை.

சுவையான ஒரு விஷயம்: 2017-ல் வந்த நாக் மதிப்பீட்டு முறையில் 1000 மதிப்பெண்ணில் 100 ‘ஆளுகை, தலைமை, மேலாண்மை’ என்ற பகுதிக்கு. அதிகாரப் பகிர்வும் பங்கேற்பும் இருக்கிறதா என்று அதில் கேட்பார்கள். அந்தப் பகுதியைப் பல துறைகளில் ஒரே ஆள், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, தனியாக எழுதுகிறார்.

நான் எழுதிய கட்டுரையில் எச்.ஓ.டி. பெயரைப் போடச் சொல்கிறார். போடலாமா?

அவர் அந்த ஆய்வில் வேலை செய்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால் போடக்கூடாது. நெறியை விடுங்கள், இதில் உங்களுக்கு நேரடி நஷ்டம் இருக்கிறது.

யுஜிசி 2018 விதிமுறையின் ஆய்வுப் புள்ளி அட்டவணைப்படி கலைப் பாடங்களில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை மதிப்பு 10 புள்ளி, அறிவியலில் 8. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 7 புள்ளி. மூன்றாவதாக ஒரு பெயர் ஏறிவிட்டால் கட்டுரையின் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதப் போக்குவரத்து வைப்பவர்) 70 சதவீதம், மற்றவர்களுக்கு 30. உங்கள் ஆய்வு மாணவர் முதலிலும் எச்.ஓ.டி. தொடர்பு ஆசிரியராகவும் உட்கார்ந்தால், உண்மையில் வழிகாட்டிய உங்களுக்கு 7 போய் 3 மிஞ்சும். சும்மா பெயர் கொடுத்தவருக்கு 7.

எப்படி மறுப்பது என்பதுதான் கஷ்டம், தெரியும். எழுதத் தொடங்கும்போதே யார் யார் பெயர், என்ன வரிசை என்று மின்னஞ்சலில் மாணவருக்கும் இணை ஆசிரியர்களுக்கும் எழுதி வைத்துவிடுவது கொஞ்சம் காப்பாற்றும். இதழ்கள் இப்போது ஒவ்வொருவரின் பங்களிப்பையும் எழுதித் தரச் சொல்கின்றன. அந்தப் படிவத்தைக் காட்டி "சார், இந்த இடத்தில் உங்களுக்கு என்ன போடட்டும்" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சிலர் அதோடு விட்டுவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான எச்.ஓ.டி.க்களும் இருக்கிறார்கள். முழுக்கப் படித்து, சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் "நன்றி சொல்லும் இடத்தில்கூட என் பெயர் வேண்டாம்" என்பவர்கள். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வெகுநாள் ஆன பிறகும் துறையில் அவரை "எங்க சார்" என்றுதான் சொல்வார்கள்.

சிஏஎஸ் (பணி மேம்பாட்டுத் திட்டப் பதவி உயர்வு) ஃபைல் அவர் மேசையிலேயே கிடக்கிறது. என்ன செய்வது?

பதவி உயர்வுக்கான கால அளவு விதியில் தெளிவாக இருக்கிறது. உதவிப் பேராசிரியர் 10-வது ஊதிய நிலையிலிருந்து 11-க்குப் போக பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. 11-லிருந்து 12-க்கு 5 ஆண்டு. தகுதி வந்த தேதியிலிருந்து கணக்கிட்டுத் தந்தாலும், ஃபைல் தூங்கும் ஒவ்வொரு மாதமும் நிலுவையாகத்தான் சேர்கிறது, அது கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று அரசு உதவிபெறும் கல்லூரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கட்டத்தில் எச்.ஓ.டி. வெறும் தபால்காரர் அல்ல, தகுதியைப் பரிசீலிக்கும் குழுவிலேயே அவர் உறுப்பினர். அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் செய்யக்கூடியது: ஃபைலை நேரில் கொடுத்தாலும் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், இரண்டு வாரத்தில் ஒரு நினைவூட்டல் எழுத்தில் கொடுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் அவர் வழியாகவே பிரின்சிபாலுக்கு எழுதி, முன்நகலை நேராக அனுப்பிவிடுங்கள். அப்படி அனுப்புவது முறைகேடு இல்லை, அரசு அலுவலகங்களில் காலங்காலமாக இருக்கும் வழிதான்.

எச்.ஓ.டி. இடத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை. ஃபைலில் குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள், அன்றைக்கே. "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துக்கொள்வதைத்தான் ஆசிரியர்கள் பழிவாங்கல் என்று படிக்கிறார்கள், நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும்.

லீவு கேட்டால் காரணம் கேட்டுக் குடைகிறார்.

தற்செயல் விடுப்பு அரசுப் பணியில் ஆண்டுக்கு 12 நாள். வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டீர்களா என்று கேட்பது அவர் வேலை. எந்த ஆஸ்பத்திரி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்பது அவர் வேலை இல்லை.

ஓடி (ஆன் ட்யூட்டி, பணி நிமித்தம் வெளியே போவது) விஷயம் கொஞ்சம் வேறு. கருத்தரங்கம், வைவா, பேப்பர் வேல்யூவேஷன் என்று வெளியே போவது சிலருக்கு எப்போதும் கிடைக்கிறது, சிலருக்குக் "கிளாஸ் பாதிக்கும்" என்று மறுக்கப்படுகிறது. யார் எத்தனை நாள் ஓடி போனார்கள் என்று ஒரு பதிவேடு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தால் போதும்.

எச்.ஓ.டி. மீதே கருத்துத் திருட்டுப் புகார் வந்தால் யார் விசாரிப்பது?

இது நிறையப் பேருக்குத் தெரியாது. 2018-ல் வந்த யுஜிசியின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி ஒவ்வொரு துறையிலும் ஒரு குழு இருக்க வேண்டும், அதன் தலைவரே எச்.ஓ.டி.தான். அவர் மேலேயே புகார் என்றால் அந்தக் கூட்டத்திலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. துறைத்தலைவர் மீது உறுதியானால் நிறுவன மட்டத்துக் குழு நடவடிக்கையைப் பரிந்துரைக்கும். ஆகவே அவர் தலைமையில் அவரையே விசாரித்து முடித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் அது செல்லாது.

கௌரவ விரிவுரையாளர், சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களை எப்படி நடத்துகிறார்கள்?

இங்கேதான் ஒரு எச்.ஓ.டி.யின் குணம் முழுசாகத் தெரியும், ஏனென்றால் இவர்களால் அவருக்கு ஒரு கெடுதலும் செய்ய முடியாது.

2019-ல் யுஜிசி கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. அது கிடைக்காமல் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோர்தான் பல துறைகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள். சம்பளத்தை எச்.ஓ.டி.யால் மாற்ற முடியாது, உண்மைதான். ஆனால் மாதக் கடைசியில் வருகைப் பட்டியலை நேரத்துக்கு அனுப்ப முடியும், அது இரண்டு நாள் தாமதமானால் அந்த மாதச் சம்பளமே தள்ளிப்போகலாம். டிபார்ட்மென்ட் மீட்டிங்குக்குக் கூப்பிட முடியும். மாணவர்கள் முன்னால் "அவங்க கெஸ்ட்தான்" என்று சொல்லாமல் இருக்க முடியும். நிரந்தர ஆசிரியரின் பையனை ஸ்கூலில் விடுவது போன்ற சொந்த வேலைகளுக்கு அவர்களை அனுப்பாமல் இருக்க முடியும், சிரிக்காதீர்கள், நடக்கிறது.

கண்டிப்பான எச்.ஓ.டி. நல்லவரா, சாஃப்டானவர் நல்லவரா?

ஆசிரியர்களுக்குக் கண்டிப்பு பிரச்சினை இல்லை. இன்றைக்குக் கண்டிப்பு, நாளைக்குத் தாராளம், அதிலும் ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் பிரச்சினை. மிகவும் சாஃப்டான எச்.ஓ.டி. இருக்கும் துறையில் உண்மையான எச்.ஓ.டி. வேறு யாரோ ஒருவர், பெரும்பாலும் அவர் அறையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒரு சீனியர்.

சாதி, ஊர், கைடு உறவு, இதெல்லாம் துறையில் வேலை செய்கிறதா?

செய்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து எந்த ஆய்வு மாணவர் யாரிடம் சேர்கிறார் என்பதுவரை எல்லோரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் பிஎச்.டி. வழிகாட்டலாம். அந்த இடங்களில் யார் யாருக்குப் போகிறார்கள் என்பதில் எச்.ஓ.டி.யின் ஒரு சொல்லுக்கு எடை அதிகம். தன் கைடிடம் படித்தவர், தன்னிடம் படித்தவர் என்று ஒரு வட்டம் உருவாகிவிட்டால், வெளியிலிருந்து வந்த ஆசிரியர் எத்தனை ஆண்டானாலும் விருந்தாளிதான்.

தான் அப்படி இல்லை என்று சொல்லும் எச்.ஓ.டி.யை நம்பலாமா என்றால், சொல்லை விட்டுவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். கடந்த ஐந்து ஆண்டில் வினாத்தாள் தயாரிக்க, புறத்தேர்வாளராகப் போக, பாடத்திட்டக் குழுவில் உட்கார யார் பெயரைப் பரிந்துரைத்தார் என்று எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெண் ஆசிரியர்கள் தனியாகச் சொல்லும் குறை என்ன?

சாயங்கால மீட்டிங். "வரவேற்பு, குத்துவிளக்கு, மெமென்டோ எல்லாம் மேடம்ஸ் பார்த்துக்குவாங்க" என்ற தானியங்கிப் பங்கீடு. மகப்பேறு விடுப்பை ஏதோ துறைக்குச் செய்த துரோகம் மாதிரிப் பேசுவது. தமிழக அரசு 2021 ஜூலையிலிருந்து அதை 12 மாதமாக்கியிருக்கிறது, ஒரு வருடத்துக்கு மாற்று ஆள் கேட்டு முன்கூட்டியே கடிதம் போடுவது எச்.ஓ.டி.யின் கடமை, மற்ற ஆசிரியர்களுக்குக் கூடுதல் வகுப்பைப் பங்கிட்டுவிட்டு அவர்களைக் கோபப்பட வைப்பது அல்ல.

பாலியல் தொல்லைப் புகார் வந்தால் எச்.ஓ.டி. "கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்" என்று இறங்கவே கூடாது. யுஜிசியின் 2015 விதிமுறைப்படி துறைத்தலைவர்கள் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராகவே இருக்க முடியாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். இவர் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தும் நாட்கள் அந்தக் கெடுவைத்தான் தின்னும்.

ஆசிரியர்கள் எச்.ஓ.டி.யை மதிப்பிடும் கேள்வித்தாள் உண்டா?

கல்வியியல், மேலாண்மைத் துறை ஆய்வுகளில் உண்டு. அதிகம் புழங்குவது ‘லீடர்ஷிப் பிராக்டிசஸ் இன்வென்டரி’. 30 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். தானே முன்மாதிரியாக நடப்பது, எல்லோரும் ஏற்கும் இலக்கைக் காட்டுவது, பழைய முறையைக் கேள்வி கேட்பது, பிறரைச் செயல்பட விடுவது, மனசாரப் பாராட்டுவது என்று ஐந்து பிரிவு. தலைவர் தன்னைத் தானே மதிப்பிடும் படிவம் ஒன்று, கீழே இருப்பவர்கள் அவரை மதிப்பிடும் படிவம் இன்னொன்று. இரண்டுக்கும் இருக்கும் இடைவெளிதான் படிக்க வேண்டிய பகுதி.

நம் ஊரில் இதை நிரப்பச் சொன்னால் எல்லாம் 9, 10 என்று வரும். காரணம் எளிது. மேலே பெயர் எழுத வேண்டாம் என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே பதவி, பாலினம், பணி அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். ஆறு பேர் இருக்கும் துறையில் ‘பெண், உதவிப் பேராசிரியர், 7 ஆண்டு’ என்றால் அது யார் என்று பியூனுக்குக்கூடத் தெரியும். நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பல துறைகளைச் சேர்த்து, இந்தத் தகவல்களைக் கேட்காமல், கல்லூரிக்கு வெளியே இருப்பவர் நடத்த வேண்டும். மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடுகிறார்கள், பாடத்திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், எச்.ஓ.டி.யைப் பற்றி மட்டும் அமைப்பு யாரையும் கேட்பதில்லை.

எச்.ஓ.டி.யின் கஷ்டத்தையும் கொஞ்சம் சொல்லலாமே?

சொல்லலாம். மேலே இருப்பவர் நாளைக்குள் வேண்டும் என்று கேட்கிறார், கீழே இருப்பவர் முடியாது என்கிறார். துணைவேந்தர் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் பல்கலைக்கழகத்தில் எந்தக் கோப்புக்கும் யார் கையெழுத்து என்பதே தெளிவில்லை, திட்டு வாங்குவது துறைத்தலைவர். சுயநிதிக் கல்லூரியில் அட்மிஷன் எண்ணிக்கை குறைந்தால் அவர் சம்பளமே ஆட்டம் காணும், மே மாத வெயிலில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகச் சொல்கிறார்கள், அவரும் நம்மைப் போகச் சொல்கிறார். இந்த வேலைக்கென்று யாரும் அவருக்குப் பயிற்சியும் தரவில்லை, நேற்றுவரை நன்றாக வகுப்பெடுத்தார் என்பதும் சீனியர் என்பதும்தான் தகுதி.

ஆனால் மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே ஊற்றுவதா, நடுவில் நின்று கொஞ்சம் தாங்குவதா என்பது அவர் கையில்தான் இருக்கிறது. "ஐக்யூஏசி கேட்டது 40 தகவல், அதில் 25 நம்மிடம் ஏற்கெனவே இருக்கு, மீதியை மட்டும் பார்ப்போம்" என்று சொல்லும் எச்.ஓ.டி.யும் அதே அழுத்தத்தில்தான் இருக்கிறார்.

அடுத்த மாதம் நான்தான் எச்.ஓ.டி. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாழ்த்துகள், அனுதாபங்களும். முதல் வாரத்தில் எந்த மாற்றமும் அறிவிக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள், உங்கள் அறைக்குக் கூப்பிடாமல் அவர் இருக்கும் இடத்துக்குப் போய். ஸ்டாக் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், காணாமல் போன மைக்ரோஸ்கோப்புக்கு நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தேங்கிக் கிடக்கும் சிஏஎஸ் ஃபைல், மெடிக்கல் லீவு, பிஎஃப் விண்ணப்பம் எல்லாவற்றையும் அந்த வாரமே நகர்த்துங்கள், இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

நேற்றுவரை உங்களோடு சேர்ந்து எச்.ஓ.டி.யைத் திட்டியவர்கள் இனி நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

முன்னாள் எச்.ஓ.டி. அதே துறையில் இன்னும் இருக்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

சுழற்சி முறை இருக்கும் எல்லாத் துறையிலும் வரும் கேள்வி. அவர் செய்ததை முதல் மாதமே மாற்றினால் அவருக்கு அவமானம், மாற்றாவிட்டால் உங்களுக்கு. பழைய கடிதப் போக்குவரத்து, பாதியில் நிற்கும் நிதி விண்ணப்பம் இரண்டையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதில் அவருக்கு மரியாதையும் இருக்கிறது, உங்களுக்கு வேலையும் மிச்சம். வகுப்பு, கமிட்டி, இன்விஜிலேஷன் மட்டும் மற்றவர்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு அவருக்கும் போடுங்கள், முதல் டைம் டேபிளிலேயே. பாக்கி ஐந்து பேரும் அந்த ஒரு கட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.